பிள்ளை எழுதியதில் கை வைக்காதீர்கள்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத வராது என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. ஆசிரியர் அறையில் சொன்னார்கள். பார்வையிட வந்த அதிகாரி சொன்னார். பெற்றோரிலேயே சிலர் சொன்னார்கள். "ஒரு பாரா ஒழுங்கா எழுதத் தெரியல, இதுங்களைப் போய்க் கதை எழுதச் சொல்றீங்களே மேடம்" என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு.

மணிமங்கலத்தை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். என் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது, தானே எழுதி நிரப்பிய நோட்டு ஒன்றாவது ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது. நோட்ஸைப் பார்த்து எழுதிய பக்கம் அதில் ஒன்றுகூடக் கிடையாது. இது எப்படி நடந்தது என்பதையும், நடுவில் எதனால் கெட்டுப்போகப் பார்த்தது என்பதையும் எழுதுகிறேன். உங்களுக்கும் இதே நாற்பது பிள்ளைகள், இதே நாற்பது நிமிடம், இதே பாடநூல்தானே. அப்படியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

நோட்ஸில் இருக்கும் ஊர்

மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிறது. ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் ஒரகடம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர் என்று மற்றவையும் வந்தன. எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் இந்த ஆலைகளுக்கும் இவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகளுக்கும் கான்ட்ராக்டில் போகிறவர்கள். கேன்டீனில் வேலை, ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, லோடு ஏற்றுவது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து லைன் வீட்டில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்பது இந்த வீடுகளில் கடிகாரத்துக்கும் மேலே.

இந்தப் பிள்ளைகளிடம் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை கேட்டால் என்ன எழுதுவார்கள்? பச்சைப் பசேல் என்ற வயல்வெளி, சலசலவென ஓடும் ஓடை, கூவும் குயில், காலையில் ஏர் பூட்டிச் செல்லும் உழவர். நாற்பது நோட்டிலும் அதேதான். கன்டெய்னர் லாரி நிற்கும் சாலையைத் தாண்டி வருகிற பிள்ளையும் அதைத்தான் எழுதினான், போன மாதம் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளையும் பார்த்து அதைத்தான் எழுதினான். அதற்கு மார்க்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. எழுதுவது என்றால் வேறு யாருடைய ஊரையோ வேறு யாருடைய சொல்லிலோ சொல்வது என்று ஐந்து வகுப்புகளாகப் படித்து முடித்துத்தான் அவர்கள் ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தார்கள்.

அதனால் நான் தலைப்புக் கொடுப்பதை நிறுத்தினேன். கேள்வி கொடுத்தேன். "நேத்து ராத்திரி உங்க வீட்ல கடைசியா தூங்குனது யாரு? ஏன்?" இரண்டு வரி போதும் என்றேன். நோட்ஸில் இதற்குப் பதில் இல்லை. வேறு வழியில்லாமல் அவரவர் வீட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுதினார்கள். ஓ.டி. பார்த்துவிட்டு வந்த அப்பா, பரீட்சைக்குப் படித்த அக்கா, குழந்தைக்குக் காய்ச்சல் என்று விழித்திருந்த பாட்டி. இரண்டு வரி கேட்ட இடத்தில் பலர் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். எழுத வராது என்ற பேச்சு எனக்கு அன்றோடு முடிந்துபோனது.

ஆண்டு மலரில் நடந்தது

பிள்ளைகள் இப்படிப் பழகி வந்த ஆண்டில், ஆண்டு விழாவுக்கு மலர் அச்சிடலாம் என்று பேச்சு வந்தது. செலவை ஏற்க ஒருவர் முன்வந்தார். என் வகுப்புகளிலிருந்து சில பக்கங்களைத் தேர்ந்து கொடுத்தேன். அதில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது இருந்தது. அவள் எழுத்து இதுதான்:

"அம்மா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு காலைல வரும். தட்டுல சோறு போட்டுக்கினு குந்தும். பாதி துன்னும்போதே தூங்கிடும். தட்டு மடியிலயே இருக்கும். நான் மெதுவா தட்டை எடுத்து வெச்சிட்டு ஸ்கூலுக்கு வந்துடுவேன். சாயந்தரம் போனா, காலைல நீ சாப்ட்டியான்னு அம்மா என்னை கேக்கும்."

ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. ஒரு பெயரடை கிடையாது. அம்மா பாவம் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. தன் தட்டு பாதியில் நின்றதே தெரியாத ஒருத்தி மகள் சாப்பிட்டாளா என்று கேட்கிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவளுக்கே தெரிந்திருந்தது.

மலர் அச்சாகி வந்தது. ப்ரூஃப் என் கண்ணுக்குக் காட்டப்படவில்லை. அந்தப் பக்கத்துக்கு 'அன்பின் சிகரம் அன்னை' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். உலகில் தாய்க்கு நிகர் எவருமில்லை என்று தொடங்கி, இரவு பகல் பாராது உழைக்கும் என் அன்னையின் பாதம் பணிவோம் என்று முடிந்திருந்தது. தட்டு இல்லை, தூக்கம் இல்லை, அந்தக் கேள்வி இல்லை. கீழே அவளுடைய பெயர், ஏழாம் வகுப்பு என்று மட்டும் சரியாகப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் என்னிடம் வந்தாள். "மிஸ், இதுல என் பேர் போட்டிருக்கு. நான் இத எழுதல." பிறகு சொன்னாள்: "அம்மா படிச்சுது மிஸ். நல்லாருக்கு, எந்த புக்கு பாத்து எழுதுனன்னு கேட்டுச்சு."

ஒரு பிள்ளை தன் தாயைப் பற்றி மனதிலிருந்து எழுதியது. அந்தத் தாயே அதைக் காப்பி என்று நினைக்கும்படி ஆக்கிவிட்டார்கள். இதைவிடப் பெரிய கேட்டை எழுதத் தொடங்கிய பிள்ளைக்கு யாரும் செய்துவிட முடியாது.

அந்த ஆண்டு முழுக்க அவள் நோட்டைத் திறக்கவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். நட்டம் அவளோடு நிற்கவும் இல்லை. மற்ற பிள்ளைகள் மலரைப் படித்தார்கள். அச்சில் வருவது எது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரமே நோட்டுகளில் 'நிகர் எவருமில்லை' வந்துவிட்டது. அப்பாவைப் பற்றி எழுதினாலும் அப்பாவுக்கு நிகர் எவருமில்லை, நாயைப் பற்றி எழுதினாலும் நாய்க்கு நிகர் எதுவுமில்லை. மாதக்கணக்கில் சேர்த்தது ஒரே மலரில் போனது.

பொறுப்பில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். பிள்ளைக்கு நல்லது செய்ததாகவே அவர் நம்பினார். "வெளியாளுங்க படிக்கிற புத்தகம். குந்தும், துன்னும்னு அச்சுல வந்தா தமிழாசிரியை உங்களுக்குத்தானே கேவலம்? அம்மாவைப் போய் 'வரும், தூங்கும்'னு எழுதலாமா? மாட்டைச் சொல்ற மாதிரி" என்றார். அன்று விழா வேலையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்ததால் நின்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

வட்டார வழக்கு அச்சுக்குத் தகாது என்றால் கி. ராஜநாராயணனை என்ன செய்வது? கரிசல் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டவர். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அந்த நாவலின் பகுதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இருக்கிறது. கோவில்பட்டிப் பேச்சு பாடமாகலாம், மணிமங்கலம் பேச்சு ஆண்டு மலருக்கு ஆகாதா?

இனி அந்த 'வரும்', 'தூங்கும்'. உயர்திணையை அஃறிணை முடிவால் சொல்வது நன்னூல்படி திணை வழு. சரிதான். அதே நன்னூல் வழுவமைதி என்றும் ஒன்று வைத்திருக்கிறதே. உவப்பு மிகுந்தால் பசுவைப் பார்த்து என் அம்மை வந்தாள் என்று சொல்லலாம், அது குற்றமில்லை என்று நாமே வகுப்பில் நடத்துகிறோம். பசுவின் மேல் வைத்த அன்புக்குக் கொடுத்த அந்த இடத்தைப் பெற்ற தாயின் மேல் வைத்த அன்புக்கும் கொடுத்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் அம்மாவை 'வரும், போகும்' என்றுதான் நெருக்கமாகச் சொல்வார்கள். 'வருவார், போவார்' என்று எழுதியிருந்தால் பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி எழுதியது போல இருந்திருக்கும்.

எங்கள் வகுப்பின் சட்டம்

அதற்குப் பிறகு வகுப்பில் சட்டம் போட்டுக்கொண்டோம். சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

எழுதிய பக்கத்தில் எழுதியவரைத் தவிர யாரும் பேனா வைக்கக் கூடாது. நானும் கூடாது. எனக்குப் புரியாத இடத்தைப் பென்சிலால் சிறு வட்டம் போடுவேன், அவ்வளவுதான். வட்டத்துக்கு என்ன செய்வது என்பது எழுதியவர் முடிவு.

வீட்டு விஷயம் இருக்கும் பக்கத்தைக் கேட்காமல் வகுப்பில் வாசிக்கக் கூடாது. பிள்ளை பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தால் நான் மட்டும் படிக்கலாம் என்று பொருள்.

கதைக்குள் பேசுகிறவர்கள் அவரவர் வீட்டில் பேசுவது போலப் பேசலாம். கதை சொல்லும் வரிகளைப் பாடநூல் தமிழுக்குக் கொண்டு வருவது அடுத்த படி. அதையும் பிள்ளையே செய்ய வேண்டும். பிழைத்திருத்தம் வேறு ஒரு நாள். ஒரு முறைக்கு ஒரே ஒரு வகைப் பிழை. ஒரு வாரம் ல, ள, ழ மட்டும். அடுத்த வாரம் ஒற்று மிகும் இடம் மட்டும். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை பிழை வராத சொல்லாகத் தேடிப் பிடித்து எழுதும். பிழை வராத சொல் என்பது ஏற்கெனவே நோட்ஸில் இருக்கும் சொல்தான்.

மற்றவை சாதாரண வேலை. அறுபது பக்க நோட்டு ஒன்று, செவ்வாயும் வெள்ளியும் பீரியடின் கடைசிப் பத்து நிமிடம், நான்கு நான்கு பேராக உட்காருவது, மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை. இதை எப்படிச் செய்வது என்று உங்களுக்கே தெரியும்.

செக்குபந்தி

எனக்கு அதிகம் கைகொடுத்த பயிற்சி இது. மணிமங்கலம் ராஜகோபால சுவாமி கோயில் சுவர்களில் ராஜாதிராஜன், வீரராஜேந்திரன் காலத்துச் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் ஹுல்ஷ் அவற்றைப் பதிப்பித்திருக்கிறார். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டினேன். கோயிலுக்கு நிலம் கொடுத்ததைக் கல்லில் வெட்டும்போது கீழெல்லை எது, தென்னெல்லை எது, மேலெல்லை எது, வடவெல்லை எது என்று வாய்க்காலையும் வரப்பையும் பேர் சொல்லி எழுதுவது அக்கால வழக்கம் என்று சொன்னேன். இன்றைக்குப் பத்திரத்திலும் அதே கதைதான். 'இதற்குச் செக்குபந்தி' என்று போட்டு நாலு திக்கும் எழுதுவார்கள். வீட்டுக்கு வீடு பிளாட்டுப் பேச்சு நடக்கிற ஊர் இது, செக்குபந்தி என்ற சொல் பிள்ளைகளுக்குப் புதிதே இல்லை.

"உங்க வீட்டுக்குச் செக்குபந்தி எழுதுங்க" என்றேன். வாடகை வீடானாலும் சரி, பத்திரம் இல்லாவிட்டாலும் சரி. வீட்டுக்கு நாலு பக்கமும் கண்ணில் படுவது, காதில் கேட்பது, மூக்குக்குத் தெரிவது எதுவானாலும் எல்லைதான்.

வர்ணனை எழுதச் சொன்னால் திணறிய பிள்ளைகள் இதை எழுதினார்கள். காரணம் இருக்கிறது. வர்ணனை என்றதும் அழகாக எழுத வேண்டும் என்ற பயம் வந்துவிடுகிறது. எல்லை என்றதும் சரியாக எழுத வேண்டும் என்ற கவனம் வருகிறது. மலர் விவகாரத்தில் பேனாவை மூடிய அந்தப் பெண், எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு மறுபடி எழுதியது இந்தப் பயிற்சியில்தான். வடக்கே ஹவுஸ் ஓனர் சுவர். தெற்கே பக்கத்து வீட்டு டி.வி. சத்தம். கிழக்கே கம்பெனி பஸ் நிற்கிற இடம். மேற்கே ஏரிக்கரை தெரிந்துகொண்டிருந்தது, பிளாட் போட்டவர்கள் காம்பவுண்டு எழுப்பிவிட்டார்கள். நான்கே வரி. இந்த ஊர் என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பது அந்த நான்கு வரியில் வந்துவிட்டது. அதில் நான் ஒரு வட்டம்கூடப் போடவில்லை.

ஊர் வரலாற்றையும் இப்படித்தான் எடுத்தேன். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த இடங்களாகக் கூரம் செப்பேடு பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்று பேர் சொல்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலிலும் மணிமங்கலம் வருகிறது. போரைப் பற்றி எழுதுங்கள் என்று சும்மா விட்டால் சினிமா வசனம்தான் வரும். "அன்னிக்கு இங்க மாடு மேய்ச்சிக்கிட்டிருந்த பையன் என்ன பாத்திருப்பான்?" என்று கேட்டேன். மாடுகளை எங்கே ஒளிப்பது என்ற கவலையிலிருந்து கதைகள் தொடங்கின. அதற்கு முன்னால் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' நாவலை வகுப்பில் வாசித்தோம். கீழடியை வைத்து எழுதியது, 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. மண்ணுக்குள் இருக்கும் பழைய காலத்தில் ஒரு சிறுவனும் இருக்கலாம் என்பது பிள்ளைகளுக்கு அதிலிருந்து பிடிபட்டது.

வெளியாள் படிக்க வேண்டும் என்றால்

மலர்க்காரர் சொன்ன 'வெளியாள்' என் மனதைவிட்டுப் போகவில்லை. அதற்கு இத்தாலியில் ஒரு பதில் கிடைத்தது. பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் பாதிரியார் மிலானி நடத்திய பள்ளியின் எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதிய புத்தகம் 1967-இல் வந்தது. தங்களைத் தேர்வில் தோற்கடித்து வெளியே தள்ளிய ஆசிரியைக்கு எழுதிய கடிதம் அது. தமிழிலும் வந்திருக்கிறது. தமிழாசிரியர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். தாங்கள் எப்படி எழுதினோம் என்பதையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். தோன்றுவதை ஒரு தாளுக்கு ஒன்றாக, ஒரு பக்கம் மட்டும் குறித்துக்கொள்வது. எல்லாத் தாளையும் மேசையில் பரப்புவது. இரண்டு முறை வந்ததை எடுத்துவிடுவது. ஒன்றோடு ஒன்று சேருவதை அடுக்காக்குவது. அடுக்கு ஒவ்வொன்றும் ஒரு பத்தி. பிறகு வெட்டக்கூடிய சொல்லை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி. கடைசியில் வெளியாட்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வது. அதிகம் படிக்காதவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்பதுதான் முக்கியம். அவர்களுக்குப் புரியவில்லையானால் எழுத்தில்தான் கோளாறு.

இதை 2015 வெள்ளத்துக்குச் செய்து பார்த்தோம். மணிமங்கலம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்கிறது. அந்த டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கியதை எங்கள் பெரியவர்கள் மறக்கவில்லை. பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் கேட்டு, ஒரு செய்திக்கு ஒரு துண்டுத்தாள் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். தாள்களைத் தரையில் பரப்பி அடுக்கினோம். எழுதி முடித்ததைச் சத்துணவுக்கூடத்து அக்காவிடம் வாசித்துக் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி எந்தப் பக்கத்துலேந்து வந்துச்சுன்னே சொல்லலயேம்மா?" பிள்ளைகள் ஓடிப்போய் மறுபடி விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு நல்ல பத்திரிகை ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி அது. பிள்ளையின் எழுத்து மேம்பட வெளியாளின் கேள்விதான் தேவை. அவரிடம் நல்ல பேர் வாங்கித்தரும் வாக்கியம் தேவையில்லை.

தமிழ் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்கும் துண்டுத்தாள் முறை பொருந்துகிறது. இந்தியோ ஒடியாவோ பேசுகிற பிள்ளை தன் செய்தியை வாயால் சொல்லும், பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். பெயர் இருவருடையதும் போகும். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963-இல் வந்த 'டீச்சர்' என்ற நூலில் ஒன்றைச் சொல்கிறார்: ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு அட்டையில் எழுதிக் கொடுத்தால், பாடநூல் சொல் ஒட்டாத குழந்தைக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொள்கிறது, பயத்தோடும் பாசத்தோடும் சேர்ந்த சொற்கள் ஒரே முறையில் பதிகின்றன. எங்கள் வகுப்பில் ஒடியாக்காரப் பையன் முதலில் கேட்டு வாங்கிய தமிழ்ச் சொல் 'டிக்கெட்'. அது தமிழா என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்குப் போகும் டிக்கெட் பற்றித்தான் அவன் முதல் கதையும் எழுதினான்.

மார்க் வருமா?

பெற்றோர் இதைக் கேட்பார்கள். கேட்பது நியாயம். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-இல் செயல்பாடுகளுக்கான பங்கில் கதையும் பேட்டியும் செக்குபந்தியும் தாராளமாக இடம்பெறலாம். 2018-19 முதல் வந்த பாடநூல்களில் 'மொழியை ஆள்வோம்', 'மொழியோடு விளையாடு', 'நிற்க அதற்குத் தக' என்று ஒவ்வொரு இயலின் முடிவிலும் பகுதிகள் இருக்கின்றன. கதையைத் தொடர்ந்து எழுதுவது, கடிதம், கட்டுரை எல்லாம் அங்கே உண்டு. பாடத்தை முடிக்கிற அவசரத்தில் நாம் தள்ளிவிடுகிற பக்கங்கள் அவை. நான் இயலை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பாடக்குறிப்பிலும் அப்படியே எழுதுகிறேன். பாடநூலைத் தாண்டி நான் ஒன்றும் செய்யவில்லை என்று காட்ட இது போதும்.

பார்வையிட வந்த அதிகாரி என் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிவிட்டு, சிவப்பு மையே இல்லை, திருத்தவில்லை என்று குறித்துவிட்டுப் போனார். அவர் நோட்டைப் பார்த்தார், பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. இதற்காகப் பயந்து பழைய முறைக்குப் போய்விடாதீர்கள். நான் மூன்று நோட்டு தனியாக வைத்திருக்கிறேன்: ஒரே பிள்ளையின் ஜூன் மாதப் பக்கம், டிசம்பர் மாதப் பக்கம், மார்ச் மாதப் பக்கம். யார் வந்தாலும் அதை எடுத்து முன்னால் வைக்கிறேன். ஜூனில் ஐந்து வரி, மார்ச்சில் மூன்று பக்கம். பிழையும் குறைந்திருக்கும். அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

போட்டிகளும் அச்சும்

கட்டுரைப் போட்டிகளுக்கு நான் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்புவதில்லை. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்து எழுதும் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கலாம். அந்தப் பிள்ளை அடுத்த முறையும் ஆசிரியரிடம் கையேந்தி நிற்கும். கலைத்திருவிழாவிலோ வேறு எங்கோ, அங்கேயே தலைப்புக் கொடுத்து அங்கேயே எழுதச் சொன்னால் மட்டும் அனுப்புகிறேன். இதனால் பள்ளிக்குப் பேர் வரவில்லை என்று என்மேல் வருத்தம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்குப் பேர் வேண்டும் என்ற ஆசைதான் அந்த மலரையும் கெடுத்தது.

அச்சில் வருவதற்கு நான் எதிரி இல்லை. அச்சில் தன் பெயரைப் பார்க்கும் பிள்ளையின் தோள் நிமிர்வதைக் கண்டிருக்கிறேன். பள்ளிக் கல்வித் துறையே 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் 'தேன்சிட்டு' இதழை நடத்துகிறது. அதற்கு அனுப்புங்கள். கையெழுத்துப் பத்திரிகை போடுங்கள். ஆண்டு மலரும் போடுங்கள். அனுப்புமுன் பிள்ளையிடம் கேளுங்கள், தலைப்பையும் பிள்ளையே வைக்கட்டும்.

மலர்ப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அச்சகத்திலிருந்து வரும் முதல் ப்ரூஃப் உங்கள் மேசைக்கு வர வேண்டாம். எழுதிய பிள்ளையின் கைக்குப் போகட்டும். அந்தப் பிள்ளை அதைத் தன் வீட்டுக்குக் கொண்டு போய்ப் படித்துக் காட்டிவிட்டு, "ஆமா, இது நான் எழுதுனதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் அச்சுக்கு அனுப்புங்கள். கையெழுத்து இல்லாத பக்கத்தை எடுத்துவிடுங்கள். மலர் மெலிந்து வரட்டும், பரவாயில்லை.